அக்கா, அந்த ஒரு வரியைப் பற்றி

அன்புள்ள அக்கா,

நேற்று ராத்திரி அந்தப் பழைய சர்வரை அணைத்துவிட்டேன். எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மீட்டிங்கில் நடந்ததையும்தான். அன்று அங்கே இருந்தவர்கள் சிலர் இதைப் படிப்பார்கள். அதனால் யார் என்ன பேசினார்கள் என்பதற்குள் போகவில்லை, என் பங்கை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது மீட்டிங் இல்லை. அதற்கு ஒரு மாதம் முந்தைய ராத்திரி. அந்தச் சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கம்ப்யூட்டர்களான 14 விர்ச்சுவல் மெஷின்களையும் 10.10.10.0/24 என்று தனி சப்நெட்டில் (முகவரித் தொகுதியில்) வைத்துவிட்டு, ஆபீஸ் நெட்வொர்க்கில் இருக்கும் ஃபைல் சர்வருக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைச் செய்தி) கிடைக்காமல் முழித்துக்கொண்டிருந்தேன். மெஷின்களைத் தாங்கும் ஹோஸ்ட்டில், அதாவது அந்தச் சர்வரில், பாக்கெட்டுகளைக் கடத்திவிடும் ஐபி ஃபார்வர்டிங் போட்டாயிற்று, மெஷின்களை இணைக்கும் பிரிட்ஜ் சரி, வெளியே போகும் வாசலான கேட்வே சரி. கிளம்பப்போன நீங்கள் கையில் ஹெல்மெட்டோடு வந்து நின்று போகிற வருகிற பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டச் சொன்னீர்கள். ரிக்வெஸ்ட் வரிசையாகப் போகிறது. ரிப்ளை ஒன்றுகூட இல்லை.

"போறது தெரியுதுல்ல? திரும்பி வர்றதுக்கு வழி யாரு சொன்னா?"

யுபிஎஸ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துப் படம் போட்டீர்கள். ஃபைல் சர்வருக்கு 10.10.10 என்றால் என்னவென்றே தெரியாது. பதிலைத் தன் கேட்வேயான ரவுட்டரிடம் தள்ளும். ரவுட்டருக்கும் தெரியாது, அது இன்டர்நெட் பக்கம் தூக்கிப் போடும். அந்த சப்நெட்டுக்கு 192.168.1.10, அதாவது என் ஹோஸ்ட், வழியாகப் போ என்று ரவுட்டரில் கையால் எழுதிவைக்கும் ஒரு வரி, ஒரு ஸ்டேடிக் ரூட், இருந்தால் தீர்ந்தது. அப்புறம் டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த சப்பாத்தியைப் பிய்த்து எனக்கும் கொடுத்தீர்கள். எனக்கு அப்படி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் வேறு யாரும் இல்லை.

அந்த ஒரு வரியைப் போட 11 நாள் இழுத்தடித்தீர்களே! ரவுட்டர் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும். கேட்டால் "ஃபார்ம் கொடு, பார்க்கலாம்." மேலிடத்திலிருந்து தினமும் எனக்குத்தான் போன். பன்னிரண்டாம் நாள் ஹோஸ்ட்டில் மாஸ்கரேட் போட்டேன், மெஷின்களின் முகவரியை மறைத்து ஹோஸ்ட்டின் முகவரியை ஒட்டி அனுப்பும் ஒரு வரி. எல்லாம் ஓடியது. உங்களைக் கேட்காமலே ஓடியதில் ஓர் அற்ப சந்தோஷமும் இருந்தது.

அதற்குப் பிறகு 14 மெஷினுக்கும் வெளியே ஒரே முகம், 192.168.1.10. அதில் ஒன்று கெட்டுப்போய் ஃபைல் சர்வரில் பாஸ்வேர்டாக அடித்துத் தள்ளியபோது உங்கள் லாகில் (பதிவேட்டில்) தெரிந்ததும் அந்த முகவரிதான். பிளாக் செய்தீர்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். 14ம் விழுந்தன, பில்லிங் உட்பட. விசாரிக்காமல் கை வைத்தீர்கள் என்று பழி வந்தபோது, மாஸ்கரேட் விஷயம் தெரிந்த ஒரே ஆள் தண்ணீர் பாட்டில் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தான். நான் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சொல்லியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டேன். மாறியிருக்கும்.

புது ஹோஸ்ட்டை அமைக்கும்போதுதான் நீங்கள் ஏன் இழுத்தீர்கள் என்று பிடிபட்டது. வெறும் ரூட் போட்டால் போகிற பாக்கெட் ஹோஸ்ட்டிலிருந்து நேராக ஃபைல் சர்வருக்குப் போகும், பதில் மட்டும் ரவுட்டர் வழியாகத் திரும்பும். பிங் வேண்டுமானால் தப்பிக்கலாம். பதிலை மட்டும் பார்த்துப் பாதிப் பேச்சைக் கேட்கும் ரவுட்டரின் ஃபயர்வால், ஃபைல் எடுக்கத் தேவைப்படும் டிசிபி இணைப்பை வெட்டிவிடும். ஹோஸ்ட்டுக்கும் ரவுட்டருக்கும் நடுவே தனியாக ஒரு விலான் (அதே கேபிளில் பிரித்த தனி நெட்வொர்க்), அதில் பயன்படுத்த இரண்டே முகவரி உள்ள ஒரு /30 சப்நெட் வேண்டும். அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தீர்கள், இல்லையா? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே அக்கா. ஃபார்ம் கேட்டால் எனக்குத் திமிராகத்தான் தெரியும்.

இப்போது மாஸ்கரேட் இல்லை. ஃபைல் சர்வர் லாகில் 10.10.10.14 தன் சொந்த முகவரியிலேயே வருகிறது.

காலையில் அந்த லாகையும் பழைய ஹோஸ்ட்டின் அந்த ஒரு மாஸ்கரேட் வரியையும் இணைத்து, அன்று மீட்டிங்கில் இருந்த ஐந்து பேருக்கும் மெயில் போட்டேன். ஒருவர் மட்டும் பதில் எழுதினார்: "இப்ப எதுக்கு இது?"