முன்னால் நடக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

குளிர்காலத்தில் கூட்டமாக மலையேறக் கிளம்பும் எல்லோருக்கும் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்தபோது மனதில் வந்து நின்றது நீங்கள்தான். எந்தக் குழுவிலும் முதல் ஆளாக மேட்டில் ஏறி, பின்னால் வருபவர்களைப் பார்த்துக் கையசைப்பவர்கள் நீங்கள். நான் எப்போதும் கடைசியில் வருகிற ஆள்.

போன குளிர்காலத்தில் ஏழு பேர் போனோம். பெரிய மலை ஒன்றுமில்லை, மொத்தம் 12 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம். காலையில் வயல் ஓரமெல்லாம் உறைபனி படிந்து, மிதித்த புல் காலடியில் நொறுங்கியது. முதல் அரை மணி நேரம் பேச்சும் சிரிப்புமாக ஒன்றாகத்தான் நடந்தோம். சரிவு தொடங்கியதும் வரிசை நீண்டது. நீங்கள் மூன்று பேர் மேலே, நடுவில் மூன்று பேர், நான் தனியாகக் கீழே.

முதல் மேட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது நீங்கள் கால் மணி நேரமாகக் காத்திருந்தீர்கள். காற்றில் நின்று உங்களுக்கும் குளிரெடுத்துவிட்டது, அதனால் "வந்தாச்சா? சரி, கிளம்பலாம்" என்றீர்கள். உங்கள் பக்கம் அது நியாயம்தான், குளிரில் நின்றவர்களுக்கு நடந்தால்தான் சூடு வரும். ஆனால் என் பக்கத்திலிருந்து கணக்குப் பாருங்கள்: உங்களுக்குப் பதினைந்து நிமிட ஓய்வு, எனக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அடுத்த மேட்டிலும் இதேதான், அதற்கடுத்த மேட்டிலும் இதேதான். குழுவிலேயே அதிகம் களைத்தவருக்கு மட்டும் ஓய்வே கிடையாது என்று ஆகிவிடுகிறது, யாரும் அப்படி நினைத்துச் செய்யாமலேயே. கோடையில் இதனால் கால் வலிக்கும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் கதை வேறு.

உங்களை எட்டிப்பிடிக்க வேகமாக நடந்ததில் எனக்கு உள்சட்டை முழுவதும் வியர்வை. அது பருத்திச் சட்டை வேறு, நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். மேலே போகப் போக 1000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பார்கள், அதனால் 600 மீட்டரில் நான்கு டிகிரிதானே என்று தோன்றலாம். முகட்டில் காற்று இருக்கிறதே. பூஜ்ஜியம் டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, தோலுக்கு மைனஸ் 6 டிகிரிபோல இருக்கும். ஈரச் சட்டையோடு நிற்பவருக்கு இன்னும் மோசம்.

மூன்றாவது மேட்டைத் தாண்டியதும் ஜாக்கெட்டின் ஜிப்பை இழுக்க என் விரல்களுக்கு வரவில்லை. அதற்கு முன் நன்றாக நடுங்கிக்கொண்டிருந்தேன், கால் இடறிக்கொண்டே இருந்தது. எனக்கு அது எதுவும் பெரிதாகப் படவில்லை, யாராவது கேட்டிருந்தால் "ஒன்றுமில்லை, வர்றேன்" என்றுதான் சொல்லியிருப்பேன். நடுவில் போன ஒருத்தி திரும்பிப் பார்த்தாள், நான் நிற்கும் விதம் சரியில்லை என்று இறங்கி வந்தாள். ஒரு பாறையின் மறைவில் உட்காரவைத்து, ஈரச் சட்டையைக் கழற்றி, தன் பையிலிருந்த கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டு, பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் கொடுத்தாள். அப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டாள்.

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதற்கு ஹைப்போதெர்மியா என்று பெயர். அதன் கொடுமையே, அது யாருக்கு வருகிறதோ அவருக்குத் தெரியாது என்பதுதான். கை தடுமாறும், பேச்சு குழறும், ஆள் காரணமில்லாமல் எரிச்சல்படுவார் அல்லது வாயே திறக்கமாட்டார். இதையெல்லாம் பக்கத்தில் நடப்பவர்தான் கவனிக்க முடியும். அரை கிலோமீட்டர் முன்னால் போகிறவரால் முடியாது. நான் இவ்வளவு நீளமாக எழுதுவது இதற்காகத்தான்.

அதனால் கேட்கிறேன். வரிசையில் மெதுவாக நடப்பவரை இரண்டாவது ஆளாக விடுங்கள், முதல் ஆள் அவருடைய நடைக்கு நடக்கட்டும். பழகியவர் ஒருவர் கடைசியில் வரட்டும். ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்து எண்ணுங்கள். காத்திருக்கும்போது குளிரும் என்றால், நின்ற உடனே, குளிர் தெரிவதற்கு முன்பே, இன்னொரு சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கும் உங்கள் கையில்தான் இருக்கிறது. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் உள்ளது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. அப்படிப் பார்த்தால் எங்கள் நடைக்கு மூன்றரை மணி நேரம் போதும். ஆனால் அது நல்ல உடல்வலு உள்ளவர் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. ஏழு பேர், வழுக்கும் பாதை, குறுகிய பகல் என்றால் அது பொருந்தாது. எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று கிளம்பும்போதே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் பேசவில்லை. உச்சிக்குப் போகாமலேயே திரும்பியும், கடைசி வயலுக்கு வரும்போது இருட்டிவிட்டது, ஏழு பேருக்கு இரண்டே டார்ச். செல்போன் வெளிச்சம் இருக்கிறதே என்றால், லித்தியம் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கிவிடும். அதை உடம்பை ஒட்டிய உள்பையில் வையுங்கள், டார்ச்சை ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அன்று உச்சிக்குக் கொஞ்சம் கீழேவரை போன நீங்கள், பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம் தேங்கி, அதற்குமேல் மலைகள் மட்டும் தீவுகளாக வெயிலில் நின்றதைப் பற்றிச் சொன்னீர்களே, குளிர்காலத்தில் கிடைக்கிற அந்தக் காட்சியை உங்கள் வாயால் கேட்பதற்குப் பதில் உங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் எனக்கு.

அடுத்த நடைக்கும் வருகிறேன். இந்த முறை பருத்திச் சட்டை இல்லை, மாற்றுச் சட்டை பையில் இருக்கும். முதல் மேட்டுக்கு வந்ததும் பையை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் உட்காருவேன். நீங்களும் கூட உட்காருங்கள்.