நோட்டீஸில் தேதி போடு

தர்மபுரி,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நம் வக்கீல் ஆபீஸ் வாசலில் ஒட்ட, ஊர்க்காரர்களுக்குச் சட்டம் சொல்லி நீ எழுதி அனுப்பிய நோட்டீஸ் கிடைத்தது. நான் படிப்பதற்கு முன்னால் நம் குமாஸ்தாவிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். ஆபீஸ் வாசலில் ஒட்டினால் பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லிக் காதால்தான் கேட்கிறார்கள். மூன்றாவது வரியில் அவர் நின்றுவிட்டார். "எல்லை வரம்பினைப் பொருட்படுத்தாது பிடியாணை வேண்டாக் குற்றம் குறித்த தகவலைப் பதிவு செய்தல் வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். சட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. ஹைகோர்ட்டில் மனு எழுதிப் பழகிய கை என்று தெரிகிறது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த பென்னாகரத்துக்காரருக்கு அது தனக்கான சேதி என்றே புரியவில்லை.

அவருக்கு நான் இப்படிச் சொன்னேன். "ஓசூர் பஸ் ஸ்டாண்டில் உங்கள் வீட்டம்மா கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். ஊருக்கு வந்துதான் பதற்றம் அடங்குகிறது. பென்னாகரம் ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். 'இது எங்க எல்லை இல்லை, ஓசூருக்குப் போங்க' என்று திருப்பி அனுப்பக் கூடாது. பதிவு செய்துவிட்டு அவர்கள்தான் ஓசூருக்கு அனுப்ப வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசில்லாமல் கேட்டு வாங்குங்கள். போனிலோ மெயிலிலோ புகார் அனுப்பியிருந்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடுங்கள். விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்று 90 நாளுக்குள் அவர்கள் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்." அவர் தலையாட்டிவிட்டுப் போகவில்லை. உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்டார். எனக்கு அதுதான் வேண்டும்.

ஆனால் இந்தக் கடிதம் நடையைத் திருத்துவதற்காக இல்லை கண்ணு. உன் நோட்டீஸில் எங்கேயும் தேதி இல்லை. எழுதிய தேதியும் இல்லை, சட்டம் எந்தத் தேதியிலிருந்து என்பதும் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட புதுக் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். போன மாதம் ஒருவர் வந்து, 2019-ல் நடந்த அடிதடி வழக்கைப் பற்றி, "பழைய சட்டமே போயிடுச்சாம், அப்ப என் கேஸும் போயிடுச்சு இல்லீங்களா?" என்று நிம்மதியோடு கேட்டார். வாய்தாவுக்கும் போகாமல் விட்டுவிட்டார். வாரன்ட் வந்தபிறகுதான் நம் படியேறினார். 420 இப்போது 318, 302 இப்போது 103 என்று யாரோ சொன்னதைக் கேட்டிருக்கிறார். எந்தத் தேதியிலிருந்து என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவர் கதை இருக்கட்டும். என் கதை ஒன்று இருக்கிறது. உனக்கு இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

2016-ல் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். 1987-ல் கல்யாணம் ஆனவர்கள். அவர்களுடைய தாயார் முன்பே இல்லை, அப்பா 2003-ல் தவறிவிட்டார். பூர்வீக நிலம் நாலரை ஏக்கர், கிணறோடு. இரண்டு தம்பிகள், பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், ஒன்றரை லட்சம் தருகிறார்கள். "எனக்கு என்னங்கய்யா வரும்?" என்று கேட்டார்கள்.

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆனதால், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் அவர்களுக்கு வராது. 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இல்லாததால் அதே உரிமையைத் தந்த மத்தியத் திருத்தமும் வராது. 2015 அக்டோபரில் பூலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருந்தது. நிலம் அப்பாவுக்கும் இரண்டு மகன்களுக்கும் மூன்று பாகம். அதில் அப்பாவின் ஒரு பாகத்தில்தான் பங்கு, அதையும் மூன்று பிள்ளைகள் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆக ஒன்பதில் ஒன்று. ஐம்பது சென்ட். "அவ்வளவுதாம்மா, சட்டம் முடிவாச் சொல்லிடுச்சு" என்றேன். இந்த வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் சார்பதிவாளர் ஆபீஸில் அவர்கள் பெருவிரல் வைத்ததை நான் பார்த்தேன். மை போகவில்லை, சேலைத் தலைப்பில் படாமல் விரலை விறைப்பாக நீட்டிப் பிடித்தபடியே தம்பி வண்டியில் ஏறினார்கள்.

2018 பிப்ரவரியில் தனம்மா வழக்கில் உச்ச நீதிமன்றமே வேறு மாதிரி சொன்னது. 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் பூலாவதி தீர்ப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். மகளுக்குப் பங்கு பிறப்பிலேயே வந்துவிடுகிறது, அப்பா 2005-ல் உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே இல்லை. அப்படியானால் அந்த அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, ஒன்றரை ஏக்கர். அந்த வருஷம் கொரோனாவில் நின்ற பஸ் ஓட ஆரம்பித்த பிறகு, டிவியில் கேட்டுவிட்டு வந்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு பதிவு செய்து கொடுத்த பத்திரத்தை நான்கு வருஷம் கழித்து உடைக்க வழி இல்லை என்று சொன்னேன். தம்பிகளைக் கூப்பிட்டுப் பேசியும் பார்த்தேன். அவர்களுக்கு மனசு வரவில்லை. அந்த அம்மா கோபப்படவில்லை. "சட்டம் மாறும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலியேய்யா" என்றார்கள்.

அன்றைய தேதிக்கு நான் சொன்ன சட்டம் சரிதான். ஆனால் அன்றைய தேதிக்கு என்று நான் சொல்லவில்லை. "இப்போதைக்கு இப்படி இருக்கிறது, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று சொல்லியிருந்தால் ஒரு ஏக்கர் அவர்களிடம் இருந்திருக்கும். அதற்குப் பிறகுதான் நம் நோட்டீஸ் ஒவ்வொன்றின் தலையிலும் தேதியைப் பெரிதாக எழுதுகிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் எதையும் பலகையில் விடுவதில்லை. கிழித்துவிட்டுப் புதிதாகப் படித்து எழுதுகிறேன்.

இதே தீர்ப்பைப் பாதி கேட்டு வருகிறவர்களும் உண்டு. பெண்ணுக்குச் சமபங்கு என்றதும், அண்ணன் தம்பிகள் 1995-ல் பதிவு செய்து பிரித்துக்கொண்ட நிலத்துக்குத் தாவா போடச் சொல்கிறார்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினையை 2005 திருத்தம் தொடாது. அதைச் சொல்லாமல் கட்டணத்தை வாங்கிக்கொண்டு தாவா போட்டால், பணமும் போய், பொங்கல் சீரும் நின்றுபோகும். அப்பா சுயமாகச் சம்பாதித்ததா, பூர்வீகமா என்பதையும் முதலில் கேள். அருணாசலக் கவுண்டர் வழக்கில், 1949-ல் இறந்தவர் 1938-ல் கோர்ட் ஏலத்தில் வாங்கிய சொத்து மகளுக்கே என்று 2022 ஜனவரியில் தீர்ப்பு வந்ததே, அது தேதியை வைத்து மட்டும் அல்ல, சொத்து வந்த வழியை வைத்தும்தான்.

நீ நோட்டீஸின் அடியில் ஆபீஸ் பெயரையும் நம் இருவர் செல் நம்பரையும் பெரிதாகப் போட்டிருக்கிறாய். எடுத்துவிடு. வக்கீல் விளம்பரம் செய்து கட்சிக்காரரைப் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 36. அந்த இடத்தில் 15100 என்று இலவச சட்ட உதவி எண்ணைப் போடு. பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள் என்பது அரூர் மலையடிவாரத்தில் இன்னும் பல பேருக்குத் தெரியாது.

ஊர்க்காரர்களுக்குச் சட்டம் சொல்லும் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு எப்படி ஆரம்பித்தது என்று கேட்டிருந்தாய். 2011 செப்டம்பர் 29, நம் கோர்ட்டில், 1992-ல் வாச்சாத்தி பழங்குடி கிராமத்தில் அரசு ஊழியர்கள் நடத்திய வன்முறை வழக்கின் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று சொன்ன நாள். சம்பவம் நடந்து 19 வருஷம். வளாகத்து வேப்பமரத்தடியில் யார் யாரோ என் கறுப்புக் கோட்டைப் பார்த்துக் கேட்டார்கள், "அப்ப இவங்க இப்பவே உள்ள போயிடுவாங்களா? அப்பீல்னா என்னங்க?" நான் சொல்லச் சொல்ல கூட்டம் கூடியது. அப்பீல் முடிய இன்னும் 12 வருஷம் ஆயிற்று. 2023-ல் அதே செப்டம்பர் 29-ல்தான் ஹைகோர்ட் தண்டனையை உறுதி செய்தது. அன்றைக்கு மரத்தடியில் கேட்டவர்களில் இருவர் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

அடுத்த வாரம் உனக்கு ஒரு வேலை. காரிமங்கலத்துப் பெரியவர் ஒருவர் வீட்டையும் தோப்பையும் மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது மகள் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்கிறார். 2025 ஜனவரி 2-ல் உச்ச நீதிமன்றத்தில் வந்த ஊர்மிளா தீட்சித் தீர்ப்பின் முழு நகல் வேண்டும். அதில் தாய்க்கு மகன் எழுதிக் கொடுத்த உறுதிமொழி தனியாக இருந்தது. இவர் பத்திரத்தில் பராமரிப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டத்தின் 23-ஆவது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு போட்டால் நிற்குமா என்று நம் ஹைகோர்ட் தீர்ப்புகளையும் தேடி எடுத்துவா. நகல்மேல் நீ எடுத்த தேதியைப் பேனாவால் எழுது. அவரிடம் போனில் எதுவும் உறுதி சொல்லிவிடாதே. நேரில் உட்கார்ந்து பேசலாம்.

சனிக்கிழமை இரவே வந்துவிடு. அவர் காலை எட்டு மணிக்கெல்லாம் படியில் உட்கார்ந்திருப்பார்.

அன்புடன்,
அப்பா