அடியில் ஒரு பச்சை ஓலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. மூட்டுவலிக்கு இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் மாடிக்குப் போய்த் துணி காயப்போடுவதை மட்டும் விட்டுவிடு, சொன்னால் கேள். அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன். அன்று சாயங்காலம்தான் கண்டனூரிலிருந்து தம்பி போன் பண்ணினான். அப்பத்தா போய்விட்டார்.

98 வயது. மத்தியானம் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் பாயை விரித்துப் படுத்தவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை. கேதம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் கல்யாணச் சாவு, கொடுத்துவைத்தவர் என்றார்கள். சரிதான். ஆனாலும் எனக்கு அழுகை நிற்கவில்லை. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் முகப்பில் செருப்பைக் கழற்றுவதற்குள் "வந்துட்டியா ஆத்தா" என்று உள்ளேயிருந்து கேட்ட குரல் அது. இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

பள்ளத்தூர் கல்லூரியில் படித்தபோது ஒரு பொங்கல் லீவுக்கு நீ எங்கள் வீட்டுக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அரிசிமாவில் நனைத்த துணியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு அப்பத்தா நடுவீட்டுக் கோலம் போட்டதை, சாப்பிடக்கூட வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாய். நீ கிளம்பும்போது ரோஸும் ஊதாவுமாக உள்ளங்கை அளவுக்கு ஒரு கொட்டான், அதுதான் அந்தப் பனையோலைக் கூடை, கொடுத்தார். ஹாஸ்டலில் அதில்தான் ஹேர்பின் போட்டு வைத்திருந்தாய். அது இன்னும் உன்னிடம் இருந்தால் எடுத்துத் திருப்பி அடியைப் பார். ஏன் என்று சொல்கிறேன்.

அப்பத்தாவுக்குக் கல்யாணம் ஆனது 1941 ஆவணியில், 15 வயதில். ஐயாவுக்குப் பர்மாவில், பெகுவில், கடைவேலை. அந்தக் காலத்தில் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போகிறவர்கள் மூன்று வருஷக் கணக்குக்குப் போவார்கள், பெண்கள் ஊரில்தான் இருப்பார்கள். ஐயா ஐப்பசியில் கப்பலேறினார். டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதற்கப்புறம் கடிதம் இல்லை, தந்தி இல்லை. மார்ச்சில் ரங்கூனே விழுந்துவிட்டது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டுவழியாக நடந்து வருகிறார்கள், வழியில் காலராவிலும் பசியிலும் சாகிறார்கள் என்று மட்டும் ஊருக்குள் பேச்சு. அழுதுகொண்டே இருந்த அப்பத்தாவிடம் மாமியார் ஒரு கட்டு ஓலையைக் கொடுத்து, "கையைச் சும்மா வைக்காதே, முடை" என்றாராம்.

அப்படி முடைந்த கொட்டானில் ரோஸ் ஓலை பத்தவில்லை. அடியில் ஒரே ஒரு இழை குறைந்தது. சாயப்பொடி வாங்கக் காரைக்குடிக்குப் போகிற நேரமா அது, கையில் கிடந்த பச்சை ஓலையைக் கோர்த்து முடித்துவிட்டார். ஐயா தமு வழியாக மலையேறி இம்பாலுக்கு வந்து, திமாப்பூரில் ரயிலைப் பிடித்து, ஆனி மாசம் ஒருநாள் விடியற்காலையில் வாசலில் வந்து நின்றார். முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லையாம். அன்றைக்கு அவருக்குப் பணியாரம் வைத்துக் கொடுத்தது அந்தக் கொட்டானில். அதிலிருந்து அப்பத்தா எது முடைந்தாலும் அடியில் ஒரு பச்சை ஓலை இருக்கும். எந்த நிறக் கொட்டானாக இருந்தாலும் சரி. எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் எல்லாம் ஐயாவின் இனிஷியல்தான் வெட்டியிருக்கும். அப்பத்தாவின் பெயர் எதிலும் கிடையாது. அந்தப் பச்சை ஓலைதான் அவருடைய கையெழுத்து என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பனங்குருத்தை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை உரித்து, ஊசியால் ஒரே அகலத்துக்குக் கீறி, சாயத்தில் கொதிக்கவிட்டு, நிழலில் உலர்த்துவார். முடைவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைப்பார், இல்லாவிட்டால் மடிக்கும் இடத்தில் ஓலை பிளந்துவிடும். அடியைச் சதுரமாக ஆரம்பித்து, நாலு மூலையும் எழும்பி வரும்போது இடது கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்வார். அந்த விரல் நகம் கடைசிவரை ஒரு பக்கம் தேய்ந்தே இருந்தது. விளிம்புக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொள்வார். நூலில் லேஸ் பின்னி, பாசிமணி கோர்த்து, பிடிக்கவில்லை என்றால் ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்த்துவிடுவார்.

பிளாஸ்டிக் வந்ததும் கொட்டானை யாரும் கேட்காமல் போனார்கள். சும்மா இருந்தாரா? வயர்கூடை கற்றுக்கொண்டார். நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, சிவன் கண், எல்லாம் ஐம்பது வயசுக்கு மேல் பழகியது. கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்தபோது, டிவி வந்த அட்டைப்பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பட்டையை உருவி ஒரு கூடை முடைந்தார். அதற்கும் அடியில் ஒரு பச்சை வயர்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஒரு வருஷம் வீட்டைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று உறவில் ஒருவர் இரண்டு மூட்டைப் பழைய கொட்டான்களை எடைக்குப் போட்டுவிட்டார். அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ஓலையை நனைத்துக்கொண்டிருக்கிறார். அதிலிருந்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குப் போனால் எந்தக் கொட்டானைக் கண்டாலும் நான் திருப்பிப் பார்க்காமல் வருவதில்லை. அப்புறம் காலம் மாறியது, சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்த வேலையை மறுபடி உயிர்ப்பித்தார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "இன்னொரு தடவை வாசி" என்றார். வாசித்தேன். பேப்பரை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் கற்றுக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு லீவிலும் "உக்காரு ஆத்தா, அரை மணி நேரம்தான்" என்பார். பேங்க் வேலை, பிள்ளைகள், இப்படி ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டேன். ரிட்டயர் ஆனதும் வருகிறேன் என்றேன். ஆனேன், வந்தேன், அப்போது அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

கருமாதி அன்று தேவகோட்டையிலிருந்து ஒரு வயசான ஆச்சி வந்திருந்தார். வெற்றிலையை ஒரு பழைய கொட்டானில் போட்டு எடுத்து வந்திருந்தார். சாயமெல்லாம் வெளுத்து வைக்கோல் நிறம். திருப்பிப் பார்த்தேன், ஒரு ஓலையில் மட்டும் லேசாகப் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. தன் கல்யாணத்துக்கு அப்பத்தா கொடுத்தது என்றார் அவர். அதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. வெற்றிலையைத் தட்டில் மாற்றிவிட்டுக் கொட்டானை அவர் கையிலேயே கொடுத்தேன்.

தம்பி பெண்டாட்டிக்கு அடி போடுவது வரைக்கும் தெரியும். நேற்றிலிருந்து நான் அவளிடம் பழகுகிறேன். இரண்டு தடவை மூலை பிளந்துவிட்டது. மழைக்கு முன்னால் ஒரு நாலு நாள் வாயேன், மாடிப்படி ஏற வேண்டாம், கீழ்வீட்டிலேயே இருக்கலாம். அதற்கு முன்னால் உன் கொட்டானைத் தேடிப் பார்த்துவிட்டு எழுது.

உன்
தோழி