பின்னாலேயே வரும் செக்யூரிட்டி பற்றி அமெரிக்கக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பின் பொறுப்பாளர்களுக்கும், அதில் உறுப்பினராக இருக்கும் பெரிய கடைகளை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

ஜனங்கள் ஏன் கடைக்கு வராமல் ஆன்லைனில் வாங்குகிறார்கள் என்று உங்களிடம் கேட்டால் விலை குறைவு, அலைச்சல் மிச்சம், மறுநாளே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது என்று சொல்வீர்கள். எல்லாம் சரிதான். நீங்கள் சொல்லாமல் விடும் ஒரு காரணத்தைப் பற்றித்தான் இந்த மடல். இந்த நாட்டில் கறுப்பின மக்களில் பலரும், லத்தீன் மக்களில் பலரும், என்னைப் போல நல்ல கறுப்பாக இருக்கும் தெற்காசியர்களில் சிலரும் ஆன்லைனுக்குப் போவதற்கு, அங்கே நம்மைத் திருடன் என்று நினைத்துப் பின்னாலேயே வர ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு கறுப்பினப் பெண் கடைக்குப் போனால் எப்படி நடந்துகொள்வார் என்று ஒரு நாள் விவரமாகச் சொன்னார். உள்ளே இருக்கும்வரை கைப்பையின் ஜிப்பைத் திறக்கவே மாட்டார், போன் அடித்தாலும் வெளியே வந்துதான் எடுப்பார். வாங்கப் போவதில்லை என்று தெரிந்த பொருளைத் தொட மாட்டார். ஒரு சூயிங்கம் வாங்கினால்கூட பில்லும் பையும் கேட்டு வாங்கி, காரில் ஏறும்வரை அந்த பில்லைக் கையிலேயே பிடித்திருப்பார். மகன் கொஞ்சம் உயரமானதும் அவனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: ஹூடியைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போகாதே, கையைப் பாக்கெட்டில் விடாதே, கூட்டாளிகளோடு சேர்ந்து போகாதே. அவருக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது அவருடைய அம்மா. இப்போது மேக்கப் சாமானிலிருந்து மகனின் ஷூ வரைக்கும் போனிலேயே வாங்கிவிடுகிறார். "பத்து லிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் மூடிவைக்கலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்" என்றார். வேடிக்கை பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வருவது வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் தினமும் செய்கிற காரியம்தான். அவருக்கு அது வீட்டு சோஃபாவில்தான் கிடைக்கிறது.

இது ஒருவருடைய மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. கடையில் தன்னைப் பின்தொடர்ந்து வந்த அனுபவம் இல்லாத கறுப்பின ஆண்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு, தானும் அதில் ஒருவன் என்று அதிபராக இருந்தபோதே, 2013 ஜூலையில், ஒபாமா வெளிப்படையாகப் பேசினார். அதே ஆண்டு நியூயார்க்கில் நடிகர் ராப் பிரவுன் தன் அம்மாவுக்காக மேசிஸ் கடையில் 1,350 டாலருக்குக் கைக்கடிகாரம் வாங்கிய பிறகு பிடித்து வைக்கப்பட்டார். அவர் நீட்டியது சொந்த கார்டு. அதே நகரத்தில் பார்னீஸ் கடையில் 350 டாலர் பெல்ட் வாங்கிய ஒரு கல்லூரி மாணவரைக் காவலர்கள் தெருவில் நிறுத்தி, உனக்கு ஏது இவ்வளவு காசு என்று கேட்டார்கள். மாநில அட்டர்னி ஜெனரலின் விசாரணைக்குப் பிறகு 2014-இல் பார்னீஸ் 5,25,000 டாலரும் மேசிஸ் 6,50,000 டாலரும் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டன. மேசிஸ் 2005-லேயே இதே மாதிரிப் புகார்களுக்காக 6 லட்சம் டாலர் கட்டியிருந்தது. ஒன்பது ஆண்டு இடைவெளியில் மறுபடியும் அதே புகார், மறுபடியும் பணம். பாடகி சிஸா கலிஃபோர்னியாவில் மேக்கப் சாமான் விற்கும் ஒரு செஃபோரா கடையில் தன்மேல் செக்யூரிட்டியை ஏவினார்கள் என்று 2019-இல் எழுதிய சில வாரங்களில், அந்த நிறுவனம் நாடு முழுக்கக் கடைகளை ஒரு மணி நேரம் மூடி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பின்னால் அவர்களே ஓர் ஆய்வும் நடத்த வைத்தார்கள். கடைக்குப் போகிறவர்களில் ஐந்தில் இருவர் இனத்தாலோ தோல் நிறத்தாலோ மோசமாக நடத்தப்பட்டதாக அதில் சொன்னார்கள். ஆய்வை வெளியே விட்டதற்காக அந்த நிறுவனத்தை மதிக்கிறேன். உங்களில் எத்தனை பேர் அப்படிச் செய்தீர்கள்?

இந்த நிலைமை புதிதும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் தென் மாநிலங்களில் கறுப்பின விவசாயி ஊர்க் கடைக்குப் போனால், வெள்ளையர் எல்லாரும் வாங்கி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் சரக்கு, அவர் சொல்வதுதான் விலை, கடன் வேண்டுமென்றாலும் அவரிடமே கைகட்டி நிற்க வேண்டும். பல ஊர்களில் தொப்பியோ உடையோ போட்டுப் பார்க்க அனுமதி இல்லை. அப்போதுதான் சியர்ஸ் நிறுவனத்தின் கேட்லாக் வந்தது, அதாவது பார்த்துத் தபாலிலேயே ஆர்டர் செய்வதற்கான பொருள் பட்டியல் புத்தகம். 1896-இல் தொடங்கிய கிராமத் தபால் சேவை அதை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. வெள்ளையருக்கு என்ன சரக்கு என்ன விலையோ, அதே சரக்கு, அதே விலை, வாங்குகிறவர் முகம் யாருக்கும் தெரியாது. ஊர்க் கடைக்காரர்கள் ஆத்திரத்தில் கேட்லாக்குகளைத் தீ வைத்துக் கொளுத்தினார்கள், நிறுவனர் சியர்ஸ் ஒரு கறுப்பர் என்று புரளி கிளப்பிவிட்டார்கள். பல ஊர்களில் தபால் நிலையமே அந்தக் கடைக்குள்தான் இருந்ததால், ஆர்டரை நேரே தபால்காரர் கையில் கொடுக்க வழி உண்டு என்று நிறுவனம் விளக்க வேண்டியிருந்தது. வரலாற்றாசிரியர் லூயி ஹைமன் இதையெல்லாம் எடுத்துச் சொல்லித்தான் பலருக்கும் தெரியவந்தது. என் அலுவலகத் தோழி போனில் செய்வதை அவருடைய கொள்ளுப்பாட்டி காலத்தில் பென்சிலும் தபால் தலையும் வைத்துச் செய்திருக்கிறார்கள். இத்தனை காலம் ஆகியும் அந்த வழி இன்னும் தேவைப்படுகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

கார் விற்பனையிலும் இதே கதை. 1990-களில் சிகாகோ டீலர்களிடம் ஒரே மாதிரி பேரம் பேசச் சொல்லி ஆட்களை அனுப்பிப் பார்த்தபோது, கறுப்பின ஆண்களுக்குச் சொன்ன விலை வெள்ளை ஆண்களுக்குச் சொன்னதைவிடச் சுமார் 1,100 டாலர் அதிகம். 2003-இல் வந்த இன்னொரு ஆய்வில், நேரில் வாங்கும்போது கறுப்பின, லத்தீன் மக்கள் சுமார் 2 சதவீதம் கூடுதலாகக் கொடுப்பதும், இணையம் வழியாக விலை கேட்டு வாங்கியவர்களுக்கு அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனதும் தெரிந்தது.

ஆன்லைன் சுத்தமானது என்று நான் சொல்ல வரவில்லை. 2016-இல் அமேசானின் அன்றைக்கே டெலிவரி பாஸ்டன் நகரம் முழுக்க இருந்தது, கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ராக்ஸ்பரியை மட்டும் விட்டுவிட்டு. செய்தி வெளியான பிறகுதான் சரிசெய்தார்கள். அப்புறம், எல்லாராலும் ஆன்லைனுக்கு ஓடிவிடவும் முடியாது. 2021-இல் கறுப்பினக் குடும்பங்களில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு வங்கிக் கணக்கே கிடையாது, வெள்ளையர் குடும்பங்களில் அது நூற்றுக்கு இரண்டு. கார்டு இல்லாதவர் ரொக்கத்தை எடுத்துக்கொண்டு உங்கள் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். துணியைத் தொட்டுப் பார்க்க, ஃபவுண்டேஷன் தன் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று மணிக்கட்டில் தடவிப் பார்க்க விரும்புகிறவரும் வந்தாக வேண்டும்.

சட்டமும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் இனப் பாகுபாடு கூடாத பொது இடங்கள் என்று ஹோட்டலையும் உணவகத்தையும் தியேட்டரையும் பெட்ரோல் பங்கையும் சொல்கிறது, சாதாரணச் சில்லறைக் கடையைச் சொல்லவில்லை. ஒப்பந்தம் செய்வதில் எல்லா இனத்தாருக்கும் வெள்ளையருக்குள்ள அதே உரிமை என்று சொல்லும் 1866-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டால், பொருளைத்தான் வாங்க முடிந்ததே, அப்புறம் என்ன என்று பல நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்திருக்கின்றன. கடை முழுக்கப் பின்தொடர்ந்து அவமானப்படுத்தினாலும், கடைசியில் காசை வாங்கிக்கொண்டால் போதும் என்று ஆகிவிடுகிறது.

எனக்கு நேர்ந்தது சின்ன விஷயம்தான். ஒரு துணிக்கடையில் செக்யூரிட்டி வரிசைக்கு வரிசை என் பின்னாலேயே வந்து, வாசலில் எனக்கு முன்னால் போன வெள்ளைக்காரப் பெண்மணியை விட்டுவிட்டு என் பையை மட்டும் திறக்கச் சொன்னார். திறந்து காட்டினேன். முகம் சூடாகிவிட்டது, அந்தக் கடைக்கு அப்புறம் போகவில்லை. இதை நான் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. "நம்மையெல்லாம் அப்படிப் பார்க்க மாட்டார்கள்" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் நம்மவராக இருக்கும் கடைகளிலும் கறுப்பின இளைஞன் உள்ளே வந்ததும் பார்வை மாறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கடை வைத்திருக்கும் தமிழர்களே, இந்த மடல் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கூட்டமைப்புக்குத் திரும்ப வருகிறேன். கடைகளுக்கு ஆகும் இழப்பில் கிட்டத்தட்டப் பாதி திட்டமிட்ட திருட்டுக் கும்பல்களால் என்று 2023-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, அதே ஆண்டு டிசம்பரில் அந்தக் கூற்றைத் திரும்பப் பெற்றீர்கள். அதற்குள் அது ஊரெல்லாம் பரவிவிட்டது. அந்தப் பயத்தின் பெயரால் வருகிற பூட்டும் கேமராவும் யார்மேல் விழுகின்றன என்று பாருங்கள். வால்மார்ட்டின் சில கடைகளில் கறுப்பினப் பெண்களின் தலைமுடிக்கான பொருட்கள் பூட்டிய கண்ணாடிக்குள் இருந்தன, 2020-இல்தான் அதை நிறுத்தினார்கள். ரைட் எய்ட் மருந்துக்கடைகளில் முகத்தை அடையாளம் காணும் கேமரா அப்பாவிகளைத் திருடர்கள் என்று காட்டிக்கொடுத்தது, அதுவும் கறுப்பினத்தவரும் ஆசியர்களும் அதிகம் வாழும் பகுதிகளில் கூடுதலாக. 11 வயதுப் பெண் குழந்தையைக்கூட அதனால் சோதனை போட்டார்கள். 2023-இல் மத்திய வர்த்தக ஆணையம் ஐந்து ஆண்டுக்கு அந்தக் கேமராவைத் தடை செய்தது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். உறுப்பினர் கடைகளில் செக்யூரிட்டி யாரைத் தடுத்து நிறுத்தினார்கள், அதில் எத்தனை பேரிடம் உண்மையில் திருட்டுப் பொருள் இருந்தது என்ற கணக்கை இன வாரியாக எடுத்து, திருட்டுக் கணக்கை வெளியிடுவதுபோல ஆண்டுதோறும் வெளியிடுங்கள். எந்தப் பொருளைப் பூட்டலாம் என்று முடிவெடுப்பவர் எழுத்தில் காரணம் சொல்லட்டும். தவறாக நிறுத்தப்பட்டவர் புகார் கொடுக்க ஒரு போன் நம்பரை வாசலிலேயே எழுதி வையுங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் நியூயார்க்கில் உங்கள் மாநாடு நடக்கிறது. அடுத்த மாநாட்டில் மேடையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் கடைகளுக்கு வருவதை நிறுத்திவிட்ட கறுப்பின வாடிக்கையாளர்களைப் பேச அழையுங்கள். எந்தக் கடையில், எந்த வரிசையில், என்ன நடந்தது என்று அவர்கள் சொல்வார்கள்.

இப்படிக்கு,
மேரிலாந்தில் வாழும் ஒரு தமிழ் வாடிக்கையாளர்