நனைந்த பதிவேடுகளை வெயிலில் காயப்போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரை வெள்ளக்காடானதை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஏரி, சாலை, பயிர் பற்றியெல்லாம் பேசினோம். வருவாய்த் துறைப் பதிவறைகளைப் பற்றி யாரும் பேசக் கேட்கவில்லை.

எஸ்.எல்.ஆர். எனும் நிலவரித் திட்டப் பதிவேடு, சர்வே எண்வாரியாக நில விவரம் சொல்லும் 'அ' பதிவேடு, நில எல்லைகளின் அளவைக் காட்டும் புலப்பட நூல் ஆகியவைதாம் வரப்புத் தகராறில் கடைசிச் சாட்சி. பட்டாதான் கணினியில் ஏறிவிட்டதே என்பார்கள். ஏற்றும்போது நேர்ந்த பிழையைத் திருத்தவும் பழைய ஏட்டைத்தான் புரட்ட வேண்டும்.

நனைந்த ஏட்டில் இரண்டு மூன்று நாட்களிலேயே பூஞ்சை பிடித்துவிடும். பதறிப்போய் வெயிலில் விரித்தால் தாள் சுருண்டு கோணிவிடும். ஒட்டிய பக்கங்களை இழுத்துப் பிரித்தால் எழுத்தும் சேர்ந்து பிய்ந்து வரும். கொஞ்சமாக நனைந்தவற்றை நிழலில், மின்விசிறிக் காற்றில், இடையிடையே உறிஞ்சுதாள் மாற்றிக் காயவிடலாம். கட்டுக்கட்டாக ஊறியவற்றை அப்படியே உறையவைப்பதுதான் ஆவணக் காப்பாளர்கள் கையாளும் வழி. உறைந்துவிட்டால் பூஞ்சை வளராது. பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகச் சீர்செய்யலாம். உறைகுளிர் வசதியுள்ள கிடங்கு ஒன்றுடன் மாவட்ட நிர்வாகம் இப்போதே பேசிவைத்தால் என்ன?

மழை இல்லாத நாளிலும் பழைய தாள் தானாகவே அரிக்கிறது. மாசிக்காயும் அன்னபேதி எனும் இரும்பு உப்பும் சேர்த்த அந்தக் கால மையின் அமிலம் எழுத்து இருந்த இடத்தைத் தின்று ஓட்டையாக்கும். ஈரம் பட்டால் வேகம் கூடும். நான் நகல் கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில், கிழிந்த பக்கத்தை செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். பசை மஞ்சளாகி ஊறி, சர்வே எண்ணே தெரியவில்லை. அந்த ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் போதும். தவறினால் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். சூட்டில் லேமினேஷன் செய்ததை அப்படிப் பிரிக்கவே முடியாது.

நம்முடையது சாதாரண மண்ணன்று. பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட நம் பகுதி 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி வசம் வந்தபின் அதன் அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்துதான், உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு வழி வகுத்தார்கள். அந்த மண்ணின் கணக்கு ஏடுகள் மூட்டையில் மக்குவது எனக்கு ஆறவில்லை.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் சீரமைப்புப் பணியாளர்களை வரவழைத்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பதிவறை எழுத்தர்களுக்கு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே செய்முறைப் பயிற்சி அளிக்குமாறு இரு மாவட்ட ஆட்சியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காவேரிப்பட்டணம்.