முதுகில் ஒழுகும் மருந்து: வேளாண்மைத் துறைக்கும் பொதுச் சுகாதாரத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெரம்பலூர் மாவட்டத்தில் மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடும் விவசாயி நான். பருத்திக் கொல்லையில் பூச்சிமருந்து அடிப்பவரின் உடலுக்குள் நஞ்சு எந்த வழியாக ஏறுகிறது என்பதை உங்கள் இரு துறைகளும் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் என் பருத்திக்குக் கூலிக்கு மருந்தடிக்க வந்தவர், முதுகில் சுமந்து தெளிக்கும் டேங்கில் மதியத்துக்குள் பத்து டேங்க் முடித்திருந்தார். டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்திருந்ததால், அவர் குனிந்து நிமிரும்போதெல்லாம் கரைசல் சிறிது சிறிதாக வழிந்து, முதுகில் போட்டிருந்த துண்டை நனைத்து, இடுப்பு வழியாகக் கால்சட்டைக்குள் இறங்கியிருக்கிறது. வெயிலுக்கு அது குளுமையாகத்தான் இருந்தது என்று பிறகு சொன்னார். மாலையில் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, உடம்பு தெப்பமாக வியர்த்தது, வாந்தி எடுத்தார், எதிரே நின்ற என் முகம் மங்கலாகத் தெரிவதாகச் சொன்னார். கொண்டுபோன மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, "மருந்தை எவ்வளவு குடித்தார்?" என்பது. அடுத்தது, வீட்டில் என்ன சண்டை என்பது. குடிக்கவே இல்லை என்று அவர் மனைவி அழுதுகொண்டே சத்தியம் செய்த அந்த நேரம் முழுவதும், மருந்தில் ஊறிய கால்சட்டை அவர் உடம்பிலேயே இருந்தது. நஞ்சை முறிக்கும் அட்ரோபின் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். டேங்க் என்னுடையது, வாஷரை மாற்றாமல் விட்டவனும் நான்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பருத்திக்கு அடிக்கும் புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள், நரம்புச் செய்தியை உரிய நேரத்தில் நிறுத்தும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. நிறுத்த ஆளில்லாததால் எச்சிலும் வியர்வையும் கண்ணீரும் நிற்காமல் வருகின்றன, கண்பாவை சுருங்குகிறது, கடைசியில் மூச்சுத் தசைகள் சோர்ந்துபோகின்றன. குடித்தாலும் தோலில் ஊறினாலும் விளைவு இதேதான். தோல் வழியாக ஏறும்போது மெதுவாக ஏறுகிறது, நனைந்த துணி உடம்பில் இருக்கும்வரை ஏறிக்கொண்டே இருக்கிறது.

அந்தத் தோலும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. இதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த பாரத்தியானை வைத்து அமெரிக்காவில் நடந்து 1971இல் வெளியான ஓர் ஆய்வில், முன்கையில் தடவியதில் 9 விழுக்காட்டுக்கும் குறைவாகவே உள்ளே சென்றது. நெற்றியில் அது 36 விழுக்காடு, அக்குளில் 64 விழுக்காடு. விதைப்பையிலோ தடவியது ஏறத்தாழ முழுவதும் உள்ளே போய்விட்டது. முதுகில் ஒழுகும் டேங்க் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். நீங்கள் பயிற்சி முகாம்களில் கொடுக்கும் முகக்கவசமும் துணிக் கையுறையும் இந்த வழியில் எதையும் தடுப்பதில்லை. துணிக் கையுறை நனைந்துவிட்டால், வெறும் கையைவிடக் கேடு. மருந்தைத் தோலோடு ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும்.

மருந்து கலக்கும் நேரத்தைப் பற்றி முகாம்களில் யாரும் அழுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை. லிட்டருக்கு 2 மில்லி என்பது கணக்கானால், புட்டியில் இருப்பது தெளிக்கும் கரைசலைவிட 500 மடங்கு வீரியம் உள்ளது. கையில் சிந்தும் ஒரு மில்லி, அரை லிட்டர் கரைசலைத் தோலில் ஊற்றிக்கொள்வதற்குச் சமம். எண்ணெய்ப் பசையுள்ள இந்த மருந்து வாய்க்கால் தண்ணீரில் அலசினால் போகாது, சோப்பு வேண்டும். எங்கள் ஊரில் மருந்தடிக்கப் போகும் எவரிடமும் சோப்பு இருப்பதில்லை. வீட்டுக்கு வந்தபின் அந்தத் துணியை வெறுங்கையால் துவைப்பவர் மனைவி. அவர் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்ததும், அதே பருவத்தில் எங்கள் மாவட்டத்திலும் சாவுகள் நேர்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு ஆபத்தான மருந்துகளுக்குத் தடைகள் வந்தன, வரவேற்கிறேன். ஆனால் தமிழ்நாட்டில் வந்த தடைகளுக்குக் காரணமாகப் பெரும்பாலும் சொல்லப்பட்டது தற்கொலைதான். மருந்தைக் குடிக்க நினைக்காமல், முந்நூறு நானூறு ரூபாய்க் கூலிக்கு அதைச் சுமந்து நடப்பவர் இந்தப் பேச்சில் காணாமல் போகிறார்.

ஆகவே வேளாண்மைத் துறையை நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. நம் வெயிலில் முழு உடல் கவச உடையை எவரும் அரைமணி நேரம்கூடப் போட்டிருக்க முடியாது. அதை வற்புறுத்துவது பலன் தராது. முதுகுக்கும் இடுப்புக்கும் கட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, மருந்து கலக்க நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை, ஒரு கட்டி சோப்பு, டேங்குக்கு மாற்று வாஷர்கள் ஆகியவற்றை வேளாண் விரிவாக்க மையங்களில் விதையோடு சேர்த்துக் கொடுங்கள்.

பொதுச் சுகாதாரத் துறைக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் இந்தத் தொழிலில் இருப்போருக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கின்றன. கூலிக்கு அடிப்பவரை அந்தப் பரிசோதனைக்கு யாரும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவதால், பருவம் தொடங்கும் முன்பே ஒவ்வொருவருக்கும் ஒருமுறை எடுத்து வைத்தால்தான் பிற்பாடு அது குறைந்திருப்பது தெரியும். குறைந்த நொதி சிவப்பணுக்களில் பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகும். வாரம் மூன்று நாள் அடிப்பவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. தலைவலி, அசதி என்று வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டு மறுநாளும் டேங்கைத் தூக்குகிறார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாந்தியோடும் வியர்வையோடும் வருபவரிடம் "மருந்தடித்தீர்களா?" என்று கேட்பதும், கேட்ட கையோடு துணியைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவுவதும் எழுத்து வடிவிலான உத்தரவாக வர வேண்டும்.

ஆவணி, புரட்டாசியில் நாங்கள் பருத்தி ஊன்றிவிடுவோம். முதல் மருந்து அடிப்பதற்கு அதற்குப் பிறகு ஏறக்குறைய நாற்பது நாள்தான் இருக்கும்.

இப்படிக்கு,
பெரம்பலூர் மாவட்டப் பருத்தி விவசாயி ஒருவர்