முதுகில் நீர் எடுப்பதைப் பற்றி இப்படி எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழின் மருத்துவப் பக்கத்தில், மூளைக்காய்ச்சல் சந்தேகம் என்று, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை முதுகில் ஊசி இறக்கி எடுக்கச் சொன்னால் பெற்றோர் உடனே சம்மதிக்கக் கூடாது, கால் விளங்காமல் போய்விடும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் இரண்டு எலும்புகளை ஒட்டியே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே. 1891-இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் குவின்கே செய்து காட்டிய முறை இது. சிசேரியனுக்கு முதுகில் போடுகிற மருந்தும் அதே நீரில்தான் கலக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு பிள்ளை பெற்ற எத்தனையோ பேர் உங்கள் வாசகிகள். சில நாள் தலைவலி வரலாம், அது உண்மை. மூளையில் அழுத்தம் கூடியிருப்பதாகத் தோன்றினால் டாக்டர்களே முதலில் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். இவ்வளவையும் எழுதியிருந்தால் நானே பாராட்டிக் கடிதம் போட்டிருப்பேன்.

என் தம்பி மகனுக்கு அப்போது ஆறு வயது. காய்ச்சல், விடாத வாந்தி. தாடையை மார்போடு சேர்க்கச் சொன்னால் அலறினான். நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், "கால் போயிடும், கையெழுத்துப் போடாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். ஏதோ பத்திரிகையில் படித்ததுதான் அவர்களுக்கு ஆதாரம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் மந்திரித்தார்கள். மறுநாள் நினைவு தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி நர்ஸ் பிடித்துக்கொள்ள, சொட்டுச் சொட்டாகக் குப்பியில் விழுந்தது. நிறமே இல்லாமல் இருக்க வேண்டிய நீர், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. இன்று அவன் நன்றாக ஓடுகிறான், காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. காதுதான் கேட்கவில்லை. தாமதத்துக்கு அவன் கொடுத்த விலை அது.

இது முதல் தடவையாக இருந்தால் பொறுத்துப் போயிருப்பேன். தலையில் நீர் கோத்த குழந்தைகளைப் பற்றி முன்பு எழுதியபோது, அந்த நீரே ஒரு நோய் என்று படிப்பவர் நினைக்கும்படி எழுதினீர்கள். வளர்ந்த ஒருவர் உடம்பில் இதே நீர் எந்த நேரமும் சுமார் 150 மில்லி இருக்கிறது. ஒரு நாளில் சுமார் 500 மில்லி சுரந்து, ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. அந்தப் போக்கு அடைபட்டால்தான் வினை. மூளையைச் சுற்றி மூன்று உறைகள்: வெளியே தடித்த உறை, நடுவில் மெல்லிய உறை, மூளையோடு ஒட்டியபடி இன்னொன்று. உள்ளே இருக்கும் இரண்டுக்கும் இடையில் இந்த நீர். சுமார் 1,400 கிராம் மூளை அதில் மிதப்பதால் 50 கிராம் போலத்தான் கனக்கிறது. அப்போது இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். பதில்கூட வரவில்லை.

தடுப்பூசி விஷயமும் அப்படித்தான். மூளை உறையைத் தாக்கும் ஹிப் கிருமிக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியை, 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளாவும். உங்கள் பக்கத்தில் அந்த ஊசி போட்டால் வரும் காய்ச்சல்தான் பெரிய செய்தி.

அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்து, வெளிச்சம் கூசி, பிள்ளை மந்தமானால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நாலு வரி சேருங்கள். என் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
திண்டுக்கல்